குன்றை மதியாத வீதிகள்

வீதி என்பது மனிதன் நிலத்தோடு செய்துகொள்ளும் ஓர் உடன்படிக்கை எனலாம். ஆடு மாடுகளும் வழிப்போக்கரும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையைப் பாருங்கள். மேட்டைக் கண்டால் அது ஒதுங்கிச் செல்லும்; பள்ளத்தைக் கண்டால் வளைந்து போகும்; ஓடையை அகலங் குறைந்த இடமாகப் பார்த்துக் கடக்கும். அதனை வகுத்தவர் எவருமில்லை. நிலம் சொன்ன வழியே கால்கள் சென்றன. கால்கள் சென்ற வழியே பாதையாயிற்று.

அளவுச் சங்கிலியும் காகிதமும் மனிதன் கைக்கு வந்தபின் நிலைமை மாறியது. நகரத்தை முதலிற் காகிதத்தில் வரைந்து, பின்னர் நிலத்தில் இறக்கும் வழக்கம் உண்டாயிற்று. காகிதமோ மேடு பள்ளம் அறியாதது. அதில் இழுத்த நேர்கோடு சமவெளியில் இறங்கும்போது தொல்லையில்லை. கொழும்புப் புறக்கோட்டையிலே முதலாம், இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காய் நிற்பதை நாம் அறிவோம். அங்கே நிலம் எதிர்ப்புக் காட்டவில்லை. அதே நேர்கோட்டை மலைமேல் இறக்கினால் என்ன நிகழும்? இக்கேள்விக்கு உலகிலே மிக நன்றாக விடையளிக்கும் நகரம், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சன் பிரான்சிஸ்கோ. கல்லூரி விடுமுறையில் அந்நகரிற் சில நாட்கள் தங்கி, பெரும்பாலும் கால்நடையாகவே அதன் வீதிகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

கடலும் குன்றும்

மேற்கே பசிபிக் சமுத்திரம், வடக்கிலும் கிழக்கிலும் விரிகுடா. இவற்றுக்கிடையே நீண்டு கிடக்கும் ஒரு குடாநாட்டின் முனையில் இந்நகர் அமைந்துள்ளது. நீளம் ஏறக்குறைய 7 மைல், அகலமும் ஏறக்குறைய 7 மைல். இந்தச் சிறிய நிலப்பரப்புக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட குன்றுகள் உள்ளன. அவற்றுள் உயர்ந்தவை 900 அடிக்கு மேற்பட்டவை. கடற்கரையில் நின்று நகரைப் பார்ப்பவனுக்கு, வெள்ளை வீடுகள் அலையலையாய் எழுந்து அமிழ்வது போன்ற காட்சி தென்படும். மாலையிற் சமுத்திரத்திலிருந்து புறப்படும் மூடுபனி குன்றுகளின் இடுக்குகள் வழியாகவே நகருக்குள் நுழையும். நிலத்தின் அமைப்பைப் பனிகூட மதித்து நடக்கிறது. வீதிகள் மாத்திரம் அதனை மதிக்கவில்லை.

குன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், வீதி ஒரு சுவரைப்போல் எழுந்து நிற்கும். அதன் உச்சிக்கு அப்பால் வானந்தான் தெரியும். வளைந்து ஏறுவோம், சுற்றிப் போவோம் என்ற எண்ணமே அவ்வீதிக்கு இல்லை. ஒரு குன்றில் ஏறி மறுபுறம் இறங்கி, அடுத்த குன்றிலும் அதே கோட்டில் ஏறுகிறது. இதனைக் கண்டதும் எவருக்கும் எழும் கேள்வி ஒன்றே: இவ்வாறு வரைந்தவர் யார்? ஏன் வரைந்தார்?

பொன்னும் காணியும்

1839ஆம் ஆண்டில் இவ்விடத்தில் இருந்தது யேர்பா புவனா என்னும் சிறு குடியேற்றம். அவ்வாண்டிலே வியோஜே என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் சில தெருக்களை அளந்து ஒரு படம் வரைந்தார். அவருடைய தெருக்கள் சரியான செங்கோணத்திற்கூட ஒன்றையொன்று வெட்டவில்லை. 1847இல் ஊரின் பெயர் சன் பிரான்சிஸ்கோ என மாற்றப்பட்டது. அதே ஆண்டில் ஜாஸ்பர் ஓ'பரல் என்னும் அயர்லாந்து நில அளவையாளர் பழைய படத்தைத் திருத்தி, நகரை மேலும் விரித்து வரைந்தார்.

அக்காலத்தில் அங்கு வழங்கிய அளவை வாரா என்னும் ஸ்பானியக் கோல். ஒரு வாரா ஏறக்குறைய 33 அங்குலம். வடபகுதியில் ஒரு காணித் துண்டு 50 வாரா சதுரம். ஆறு துண்டுகள் சேர்ந்து ஒரு கட்டம். அக்கட்டத்தின் நீளம் 412½ அடி, அகலம் 275 அடி. தென்பகுதியிலோ ஓ'பரல் 100 வாரா சதுரமான காணிகளை வகுத்தார். ஆகவே அங்குள்ள கட்டம் வடபகுதிக் கட்டத்தைப்போல் நான்கு மடங்கு பெரியது. இரு பகுதிகளுக்கும் நடுவே 120 அடி அகலத்தில், கடற்கரையிலிருந்து தென்மேற்கே இரட்டைச் சிகரக் குன்றுகளை நோக்கி, மார்க்கட் வீதி என்னும் பெருவீதியைச் சரிவாகக் கிழித்தார். இரண்டு சதுரங்கப் பலகைகளை வெவ்வேறு கோணத்தில் வைத்து நடுவில் ஒரு கோலை வைத்தாற் போன்ற அமைப்பு இது. வடக்கேயிருந்து வரும் வீதிகளுட் பெரும்பாலானவை மார்க்கட் வீதியைக் கடந்து தெற்கே நேராகச் செல்ல இயலாமல் முட்டுப்பட்டு நிற்பதற்கு இதுவே காரணம். அந்தச் சந்திகளிலே இன்றும் வாகனங்கள் திகைத்துத் தடுமாறுகின்றன.

மறு ஆண்டு, அதாவது 1848இல், கலிபோர்னியாவிலே பொன் கண்டெடுக்கப்பட்டது. ஆயிரம் பேர்கூட இல்லாதிருந்த ஊரில், 1849ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 25,000 பேர் குவிந்துவிட்டனர். வந்தவனுக்குக் காணி வேண்டும். அதுவும் உடனே வேண்டும். குன்றின் வளைவை அளந்து, அதற்கேற்பத் தெருவை வளைத்து, கோணல் மாணலான காணிகளைப் பிரித்துக்கொடுக்கப் பொறுமை யாருக்கு இருந்தது? சதுரக் காணியை எழுதுவது எளிது, விற்பது எளிது, நேரிற் பாராமலே வாங்குவதும் எளிது. சன் பிரான்சிஸ்கோவின் நேர்வீதிகளை வகுத்தது வியாபாரத்தின் அவசரமே என்று கூறினால் அது மிகையாகாது. ஏறி நடக்கப்போகிறவனுடைய கால்களைப்பற்றி அந்த விற்பனைச் சீட்டிலே ஒரு வரியும் இல்லை.

கால்கள் செலுத்திய வரி

அந்தக் கடனைப் பின்வந்தோர் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தி வருகின்றனர். ரஷ்யன் குன்று எனப்படும் இடத்தில், ஹைட் வீதிக்கும் லெவன்வர்த் வீதிக்கும் நடுவே பில்பேர்ட் வீதி இறங்குகிறது. அங்கே சரிவு நூற்றுக்கு 31½. அதாவது 100 அடி முன்னே செல்வதற்குள் 31½ அடி உயரம் ஏற வேண்டும். மேலேயிருந்து கீழ்நோக்கி மாத்திரமே வாகனங்கள் செல்ல அனுமதியுண்டு. நடைபாதையை வெறும் சரிவாக விட்டால் மனிதர் உருண்டு விடுவர் என்று கருதிப் படிகள் கட்டியிருக்கிறார்கள். நான் அப்படிகளில் ஏறியபோது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் வளைகுடாவும் அதன் தீவுகளும் கண்ணுக்கு விருந்தளித்தன. ஏறும் துன்பத்துக்கு இந்நகர் தரும் கூலி அக்காட்சிதான்.

குறுக்கு வீதி வந்து சேரும் ஒவ்வொரு சந்தியிலும் வீதியைச் சமதளமாக்கியுள்ளார்கள். ஆகவே மலையேற்றம் ஒரு பெரும் படிக்கட்டைப்போலச் சரிவும் தட்டும் மாறி மாறி அமைந்துள்ளது. கீழேயிருந்து ஏறிவரும் மோட்டார் வண்டி சந்தியை அடையும்வரை, அப்பால் என்ன வருகிறது என்பதைச் சாரதி காண முடியாது. வண்டியின் முகப்பும் வானமுமே அவர் கண்ணில் படும். நிறுத்திவைக்கும் வண்டிகளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. நூற்றுக்கு 3க்கு மேற்பட்ட சரிவில் வண்டியை நிறுத்துகிறவர், முன்சக்கரங்களைத் திருப்பி நடைபாதை ஓரக் கல்லோடு அணைத்து வைக்க வேண்டும், தவறினால் அபராதம். மிகச் செங்குத்தான இடங்களில் வண்டிகளை வீதிக்குக் குறுக்காகவே நிறுத்துகிறார்கள்.

சில இடங்களிலே நேர்கோடு தோற்றேவிட்டது. டெலிகிராப் குன்றின் கிழக்குப் பக்கம் பாறையை வெட்டியெடுத்ததால் செங்குத்தாகிவிட்டது. அங்கே அதே பில்பேர்ட் வீதி, வீதி என்ற பெயரை மாத்திரம் வைத்துக்கொண்டு, முழுவதும் படிக்கட்டாக மாறிவிடுகிறது. இருமருங்கிலும் தோட்டங்கள், பழைய மரவீடுகள், இடையே நேப்பியர் ஒழுங்கை என்ற பலகை பாவிய சிறு பாதை. எந்த வண்டியும் அவ்வீடுகளின் வாசலுக்கு வர இயலாது. கட்டிலானாலும் அலுமாரியானாலும் தோளிற் சுமந்தே கொண்டுவர வேண்டும்.

அப்படிகளின் நடுவே, கடைச் சாமான் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். வழிகேட்கும் பாவனையில் அவரோடு பேச்சுக் கொடுத்தேன். பல ஆண்டுகளாய் அங்கேயே வாழ்கிறாராம். முன்பு நிற்காமல் ஏறுவாராம். பின்பு ஒருமுறை நின்று ஏறினாராம். இப்பொழுது நான்கு முறை நிற்கிறாராம். "ஏறமுடியாத நாள் வந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?" என்று கேட்டேன். அன்றைக்கு வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே கூறினார். அவர் சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீதியின் சரிவு என்பது எஞ்சினியர்களுடைய கணக்கு மாத்திரமன்று. ஒரு மனிதன் தன் வீட்டில் எத்தனை வயதுவரை வாழலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

குதிரை வழுக்கியது, வடம் இழுத்தது

மோட்டார் வண்டிக்கு முந்திய காலத்தில் இப்பாரத்தைச் சுமந்தவை குதிரைகள். கல் பாவிய செங்குத்து வீதியில், பனியால் ஈரம் படிந்த நாட்களில், குதிரைகள் வழுக்கி விழுவது சாதாரணம். அண்ட்ரூ ஹாலிடி என்பவர் லண்டனிற் பிறந்து கலிபோர்னியாவுக்கு வந்து, சுரங்கங்களுக்கு இரும்புக் கம்பி வடம் செய்து விற்றவர். சுரங்கத்திலே பாரம் இழுக்கும் வடம் வீதியிலே மனிதரை இழுக்காதா என்று அவர் சிந்தித்தார். 1873ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கிளே வீதியின் சரிவிலே முதலாவது கேபிள் கார் வெள்ளோட்டம் விடப்பட்டது.

அதன் இயக்கம் எளியது. வீதியின் கீழே ஒரு கால்வாயில், முடிவில்லாத வடம் ஒன்று மணிக்கு 9½ மைல் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டியிலிருந்து ஒரு பிடி, தண்டவாளங்களின் நடுவேயுள்ள நீண்ட வெடிப்பு வழியாகக் கீழிறங்கி அவ்வடத்தைக் கவ்வும். கவ்வினால் வண்டி ஏறும், விட்டால் நிற்கும். வண்டியில் எஞ்சினும் இல்லை. முன்னே குதிரையும் இல்லை. குன்றின் உயரம் அதன்பின் ஒரு குறையாகத் தோன்றவில்லை. செல்வந்தர் நொப் குன்றின் உச்சியிலே மாளிகைகள் எழுப்பினர். அவர்களுள் ஒருவரான லீலண்ட் ஸ்டான்பர்ட் 1878இல் கலிபோர்னியா வீதியில் ஒரு கேபிள் கார்ப் பாதையையே தொடங்கினார்.

1947இல் நகரபிதா இவ்வண்டிகளிற் பெரும்பகுதியை ஒழித்து பஸ் வண்டி விட முனைந்தபோது, பிரீடல் கிளஸ்மன் என்னும் மாதரசி பெண்களைத் திரட்டிப் போராடினார். வாக்கெடுப்பில் மக்கள் அவர் பக்கம் நின்றனர். அதனால் இன்றும் மூன்று பாதைகளில் அவை ஓடுகின்றன. மணி ஒலிக்க, வடம் நிலத்தடியில் முணுமுணுக்க, வண்டியின் ஓரப் பலகையிலே நின்று குன்றேறிய அனுபவம் மறக்கற்பாலதன்று.

வெட்டியும் குடைந்தும் வளைத்தும்

குன்றோடு மோதியவர்கள் வேறு வழிகளையும் தேடினர். முதலாவது வழி, குன்றை வெட்டுதல். மார்க்கட் வீதிக்குத் தெற்கேயிருந்த ரிங்கன் குன்று அக்காலத்தில் உயர்ந்தோர் குடியிருந்த இடம். துறைமுகத்துக்குச் சரக்கு வண்டிகள் சமமாகச் செல்லவேண்டுமென்று, 1869இல் இரண்டாம் வீதியை அக்குன்றின் நடுவே ஆழமாக வெட்டினார்கள். மழையில் மண் சரிந்தது, வீடுகள் ஆட்டங்கண்டன, குடியிருந்தவர்கள் வேறிடம் நாடினர். ஒரு வீதி நேராயிற்று. ஒரு குடியிருப்பு அழிந்தது.

இரண்டாவது வழி, குடைதல். 1914இல் ஸ்டொக்டன் வீதியும், 1952இல் புரோட்வே வீதியும் குன்றின் வயிற்றைத் துளைத்துச் சென்றன. இவற்றினிடையே, 1918இல் திறக்கப்பட்ட இரட்டைச் சிகரச் சுரங்கப் பாதை இரண்டு மைலுக்கு மேற்பட்டது. அதனூடே டிராம் வண்டி ஓடத் தொடங்கியதும், மலைக்கு அப்பாலிருந்த மேற்குப் பகுதியில் வீடுகள் பெருகின.

மூன்றாவது வழி, நேர்கோட்டையே வளைத்தல். ரஷ்யன் குன்றிலே லொம்பார்ட் வீதியின் ஒரு கட்டம் நூற்றுக்கு 27 சரிவுடையதாய் இருந்தது. 1922இல் அக்கட்டத்துக்குள் எட்டு வளைவுகளை அமைத்து, இடையிடையே பூம்பாத்திகள் வைத்தார்கள். தூரம் கூடியது, சரிவு தணிந்தது. உலகெங்குமிருந்து வரும் பிரயாணிகள் அதனைப் படம் பிடிக்கக் கூடுகிறார்கள். அவர்களுட் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. முன்னர் கூறிய பில்பேர்ட் வீதியின் செங்குத்துக் கட்டம் அங்கிருந்து இரண்டே வீதி தள்ளி, அதே ஹைட், லெவன்வர்த் வீதிகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரே குன்று, ஒரே இடைவெளி, ஒன்று நேர், மற்றொன்று வளைவு. மாணவர்க்குப் பாடம் புகட்ட இதைவிடச் சிறந்த கரும்பலகை வேறில்லை.

எரிந்த நகரம், எரியாத கோடு

நகர் முழுவதையும் திருத்தி வரைய ஒரு வாய்ப்பும் வந்தது. சிக்காகோ நகரத்துக் கட்டடக் கலைஞர் டானியல் பேர்ணம் 1905இல் ஒரு பெருந்திட்டம் அளித்தார். குன்றுகளின் இடுப்பைச் சுற்றி மெல்ல ஏறும் வளைவீதிகள் வேண்டும். உச்சிகளைப் பூங்காக்களாக விடவேண்டும் என்பது அவர் கருத்து. கடுகண்ணாவை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் கண்டி வீதியை நினைத்துக்கொண்டால் அவர் எண்ணியது நமக்கு விளங்கும்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆந் திகதி அதிகாலையிற் பூகம்பம் வந்தது. நீர்க் குழாய்கள் உடைந்தன. தீ நாட்கணக்காக எரிந்தது. ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர். 28,000 கட்டடங்கள் அழிந்தன. அகன்ற வான் நெஸ் வீதியே மேற்கே பரவிய தீயைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்தியது. அகலமான வீதி ஒரு நகரத்துக்குச் செய்யக்கூடிய பேருபகாரத்தை அன்று ஜனங்கள் கண்ணாரக் கண்டனர்.

நகரம் சாம்பலாய்க் கிடந்தது. பேர்ணமின் திட்டமோ கையில் இருந்தது. ஆயினும் பழைய கோடுகளின் மேலேயே நகர் மீண்டும் எழுந்தது. வீடு எரிந்தாலும் காணி எரியவில்லை. காணிப் பதிவேடுகளே எரிந்துபோனபோதிலும், உரிமையை மறுபடி நிலைநாட்ட அதே ஆண்டிற் சட்டம் இயற்றினார்கள். தன் சதுரத் துண்டைப் பொது வளைவீதிக்காக விட்டுக்கொடுக்க எவருக்கும் மனமில்லை; காத்திருக்கவும் நேரமில்லை. கல்லும் மரமும் அழிந்த இடத்தில், காகிதத்திலே கிடந்த கோடு அழியாது நின்றது. ஒருமுறை வரைந்த வீதிக் கோடு மாளிகைகளைக் காட்டிலும் நீண்ட ஆயுளுடையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நிலம் மறக்கவில்லை

மனிதன் மறந்தாலும் நிலம் தன் உருவத்தை மறப்பதில்லை. பொன் தேடிய காலத்தில், கரையோரத்து நீர்நிலையைத் தூர்த்துக் கட்டங்களை நீட்டினர். கைவிடப்பட்ட கப்பல்களும் அம்மண்ணிலே புதைந்தன. இவ்வாறு தூர்த்த நிலங்கள் 1906இல் மிகக் கடுமையாக ஆடின. 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி மறுபடி பூகம்பம் வந்தபோதும், பெருஞ்சேதம் விளைந்த இடங்களுள் ஒன்று, தூர்த்த மண்மேல் எழுந்த மரீனாப் பகுதி.

கடற்கரையோரமாகச் சென்ற எம்பார்க்கடேரோ என்னும் இரண்டடுக்கு அதிவேகப் பாதையும் அன்று சிதைந்தது. அதிவேகப் பாதைகள் நகரைக் கிழித்துச் செல்வதை மக்கள் முன்பே எதிர்த்திருந்தனர். 1959இல் நகர சபை, திட்டமிட்ட பத்துப் பாதைகளில் ஏழினை நிராகரித்திருந்தது. சிதைந்த பாதையை 1991இல் இடிக்கத் தொடங்கினார்கள். அது நின்ற இடத்தில் இன்று மரங்கள் நிற்கும் அகன்ற வீதியும், டிராமும், நடைபாதையும் இருக்கின்றன. மறைந்து கிடந்த கடல் மீண்டும் நகரத்தின் கண்ணுக்குத் தெரிகிறது.

நான் அங்கு கண்டவற்றுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது ஒரு சைக்கிள் பாதை. நெளிவு என்று பொருள்படும் விக்கிள் என்பது அதன் பெயர்; நீளம் ஏறக்குறைய ஒரு மைல். சைக்கிள் ஓட்டுவோர் மார்க்கட் வீதிப் பக்கத்திலிருந்து மேற்கே பூங்காவை நோக்கிச் செல்லும்போது, நேர்வீதியில் போகாமல், ஒரு கட்டம் இடமும் ஒரு கட்டம் வலமுமாகத் திரும்பித் திரும்பிப் போகிறார்கள். அவ்வாறு சென்றால் செங்குத்துச் சரிவு ஒன்றிலும் ஏறவேண்டியதில்லை. இரு குன்றுகளின் இடையே முற்காலத்திலிருந்த பள்ளத்தாக்கின் அடிநிலம் அதுதான். வீடுகளும் தாரும் மூடிய அப்பள்ளத்தாக்கை மிதிக்கின்ற கால்கள் மறுபடி கண்டுபிடித்துவிட்டன. ஒற்றையடிப் பாதை வகுத்த பழைய அறிவு, ஒன்றரை நூற்றாண்டுக் காலத்து நேர்கோடுகளின் கீழே உயிரோடு இருந்திருக்கிறது!

நேர்வீதியைக் குறைகூறி முடித்துவிடுதலும் நியாயமன்று. வழிதவறாமல் அந்நியன் நடக்கலாம். எந்த வீதியின் முடிவிலும் கடலோ குன்றோ காட்சி தரும். செங்குத்து வீதி இல்லையேல் கேபிள் காரும் பிறந்திராது. இன்று உலகம் வியக்கும் அந்த அழகில் ஒரு பகுதி, அன்று செய்த பிடிவாதத்தின் பயனே. ஆனால் அப்பிடிவாதத்தின் செலவை, வரைந்தவரும் விற்றவரும் கொடுக்கவில்லை. வழுக்கி விழுந்த குதிரை கொடுத்தது. ரிங்கன் குன்றின் குடிகள் கொடுத்தனர். படியில் அமர்ந்து இளைப்பாறும் முதியவர் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நாளைக்கு ஊர்களையும் வீதிகளையும் வரையப்போகின்ற மாணவர்கள் நம் வகுப்பறைகளிலே இருக்கிறார்கள். கோடு போடுமுன், அந்நிலத்தில் ஒருமுறை மழைநாளிலும் ஒருமுறை வெயில்நாளிலும் அவர்கள் நடந்து பார்க்கவேண்டும். பாரம் சுமந்த ஒரு கிழவி அவ்வழியே எங்கே நிற்பாள், எங்கே இளைப்பாறுவாள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அதன்பின் எழுதுகோலை எடுத்தாற் போதும். கோடு தானாகவே வளையவேண்டிய இடத்தில் வளையும்.